இருபத்துமூன்று

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. நம்பாதவர்கள் மூதூர் இறங்குதுறையடியில் நௌபரின் தேத்தண்ணிக் கடையில் விசாரிக்கலாம். நௌபர் மறுத்தால் அன்றைக்கு அவன் அல்பிரட்டோடு கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

பதிவுக் கந்தோரில் அல்பிரட் வேதாகமத்தின் மேல் வலது கையை வைத்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி சுதர்ஷிகா, முப்பது வயது தாண்டாத பிள்ளை, மின்விசிறி முழுதாக நிற்கும்வரை பொறுத்திருந்தாள். சுற்றிய தகடுகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்ததும் அல்பிரட் அவற்றைப் பார்த்தபடியே சத்தியம் செய்து முடித்தார். பக்கத்துக் கதிரையில் சாட்சியாக வந்த ஜவாஹிர், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுத் திரும்பவும் போட்டுக்கொண்டார்.

அல்பிரட்டுக்கு வேண்டியது ஒரே ஒரு சொல். மனைவி இன்பமலரின் மரண அத்தாட்சிப் பத்திரத்தில் மரணத்தின் காரணம் என்ற இடத்தில் ‘அறியப்படவில்லை’ என்று இருந்தது. 2006 ஆகஸ்ட் மாதம் ஊர் ஓடிக்கொண்டிருந்தபோது வீட்டு முற்றத்தில் செத்தவளை யார் பார்த்து, எதை எழுதுவது? ஜவாஹிர்தான் மறுநாள் போய்ப் பாயில் சுற்றி, மாதா கோயில் மதிலோரம் அடக்கம் செய்தார். இத்தனை வருடமும் அந்தச் சொல்லை அல்பிரட் பொலித்தீன் உறைக்குள் வைத்துக் காவித் திரிகிறார். காய்ச்சலில் செத்தவளுக்குக்கூடக் காய்ச்சல் என்று எழுதுகிறார்கள். இப்போது திருத்தித் தருகிறார்களாம். ஆனால் நேரில் நின்ற ஒருவர், எந்த ஆயுதம் என்று சொல்லிச் சத்தியக்கடதாசியில் கையொப்பம் வைக்க வேண்டும்.

சிக்கல் அங்கேதான் இருந்தது. நேற்று மழை என்று அல்பிரட் சொன்னால் நௌபர் கடைக்கு வெளியே வந்து நிலத்தைத் தொட்டுப் பார்ப்பான். கிபிர் விமானம் ஒன்று தாழப் பறந்தபோது ஓட்டியவனின் கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்ததாகவும், அது ஐந்து நிமிடம் பிந்தி ஓடியதாகவும் சொன்னவர் அவர். மல்ரிபரல் ரொக்கட் பீரங்கி நாற்பது குழாயும் அடித்த அன்று முப்பத்தொன்பது விழுந்ததை எண்ணியதாகவும், மிச்சம் ஒன்று இன்னும் விழவில்லை என்பதால்தான் தான் குடையில்லாமல் வெளிக்கிடுவதில்லை என்றும் சொன்னவர். ஷெல் ஒன்று சோற்றுக் கோப்பைக்கும் வாய்க்கும் நடுவால் போய் மீன்துண்டை மட்டும் கொண்டுபோன கதை கிண்ணியா வரைக்கும் பிரசித்தம். காலையில் தேத்தண்ணி ஊற்றும்போது நௌபர் சொல்லித்தான் அனுப்பினான்: “அல்பிரட் அண்ணன், அங்க போய் மீன்துண்டுக் கதைய மட்டும் சொல்லிராதீங்க.”

சொல்லவில்லை. சுதர்ஷிகா ஆயுதங்களின் படங்கள் அச்சிட்ட தாளொன்றை நகர்த்தி வைத்தாள். ஒவ்வொரு படத்தின் கீழும் அளவும் தூரமும் இருந்தன. அல்பிரட் படங்களைப் பார்க்கவேயில்லை. வலது உள்ளங்கையைக் குவித்துக் காதோடு வைத்து, தலையைச் சற்றுச் சரித்து, சந்தையில் மீன்களின் பெயர் சொல்வதுபோல ஒரே குரலில் சொல்லிக்கொண்டு போனார். மல்ரிபரல் ஒன்று ஒன்றாக வராது. இருபது செக்கனுக்குள் நாற்பதும் கிளம்பிவிடும், தகரக் கூரையில் யாரோ கற்களைக் கொட்டுவதுபோலிருக்கும். ஆட்லறிக் குண்டு இருபது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் வரும், கூவும். கிபிர் தலைக்கு மேலால் போன பிறகுதான் சத்தம் வரும். மோட்டார் குண்டு அப்படியில்லை. தூரத்தில் ‘டொக்’ என்று கதவைத் தட்டுவதுபோல ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததை எண்ண வேண்டும். டொக் கேட்டதும் அவளும் அவரும் சேர்ந்து எண்ணுவார்கள். அது அந்த மாதம் அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. முப்பது தாண்டினால் வேறெங்கோ விழுந்திருக்கும். பிறகு என்ன சமையல் என்று கதைக்கலாம்.

“அண்டைக்கு?” என்றாள் சுதர்ஷிகா.

“அவ இருபத்துமூண்டு வரைக்கும் எண்ணினவ, பிள்ளை.”

“நீங்க?”

“நான் அறுபது மட்டும் எண்ணினனான்.”

அவள் மடிக்கணினியில் தட்டச்சுச் செய்வதை நிறுத்தினாள். வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள், அது கிளம்பவில்லை.

“நூற்றியிருபது மில்லிமீற்றர் மோட்டார்,” என்றார் அல்பிரட். “ஏழு கிலோமீட்டருக்குள்ள இருந்துதான் அடிச்சிருக்க வேணும். அதுக்குள்ள ரெண்டு பகுதியும் நிண்டது. ஆர் அடிச்சதெண்டு கேக்க நான் வரேல்ல. என்ன பட்டதெண்டு எழுதுங்கோ, காணும்.”

“ஐயா, இத கட்டாயம் கேக்க வேணும். அந்த நேரம் நீங்க அவவுக்கு எவ்வளவு தூரத்தில நிண்டீங்க?”

“பக்கத்திலதான்,” என்றார். கை இன்னும் காதிலேயே இருந்தது. “காதுக்குப் பக்கத்தில.”

 சுதர்ஷிகா ஜவாஹிர் பக்கம் திரும்பி, இவர் அங்கே நின்றது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். ஜவாஹிர் ஐவேளையும் தொழுகிறவர். கிழங்கு வியாபாரத்தில்கூட தராசுத் தட்டை விரலால் அழுத்தாதவர். அவர் தன் செருப்பைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். அல்பிரட் எவரையும் பார்க்கவில்லை. 

“கடைசியா அவவோட கதைச்சது இவர்தான், மகள்,” என்றார் ஜவாஹிர். “அது எனக்கு நல்லாத் தெரியும்.”

அவள் அதையும் எழுதினாள். கரண்ட் வந்ததும் அச்சு இயந்திரம் தாளைத் தள்ளியது. இருவரும் கையொப்பம் வைத்தார்கள். கொழும்புக்குப் போய் முடிவு வர மூன்று மாதமும் ஆகலாம், மூன்று வருடமும் ஆகலாம் என்றாள். அல்பிரட் ‘மோட்டார்’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்து, மை காய்ந்துவிட்டதா என்று பார்த்தார். அது ஏற்கனவே காய்ந்துதான் இருந்தது.

இருவரும் இறங்குதுறைக்கு நடந்தே வந்தார்கள். திருகோணமலைப் பக்கமிருந்து படகு வந்துகொண்டிருந்தது. நௌபர் கடைக்குள்ளிருந்து கையைக் காட்டி என்ன நடந்தது என்று கேட்டான். அல்பிரட் வாங்கில் குந்தி, தொலைபேசியைப் பிடிப்பதுபோல உள்ளங்கையைக் குவித்துத் திரும்பவும் வலது காதோடு வைத்தார். உதடு மட்டும் அசைந்தது. ஜவாஹிர் பக்கத்தில் நின்று, எண்ணி முடியும்வரை காத்திருந்தார்.

அல்பிரட்டின் பையில், அந்தப் பொலித்தீன் உறைக்கு அடியில் கிடந்த பழைய கடவுச்சீட்டில், 2004 மார்ச்சில் கட்டாருக்குப் போன முத்திரைக்கும் 2006 செப்டெம்பரில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்திறங்கிய முத்திரைக்கும் நடுவே வேறு ஒரு முத்திரையும் இல்லை.