பதினாலா இருபத்தொன்றா

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: சட்ட நூலகர்களின் வருடாந்திர மாநாடு இந்த மாதம் கூடுகிறது. நீதி தழைக்கவும், அட்டவணைகள் செழிக்கவும், உலகம் உய்யவும் வழி சொல்லப்போகிற அந்த மாநாடு எந்தத் தேதியில் கூடும் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

தெரியாமல் போனதற்குக் காரணம் அலட்சியம் அல்ல, அதீத அக்கறை. அதைப் புரிந்துகொள்ள நீதிமன்றக் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்குப் போக வேண்டும். அங்கே நூலகத் தலைவராக இருப்பவரை வக்கீல்கள் ‘திருத்தம் சார்’ என்று கூப்பிடுவார்கள். சட்டம் மாறும்போதெல்லாம் அச்சடித்த திருத்தச் சீட்டு ஒன்று வரும். அதைக் கத்தரித்து, புத்தகத்தில் பழைய வரியின் மேல் பசை தடவி ஒட்டி, ஓரத்தில் தேதி போட்டுக் கையெழுத்து வைப்பது அவர் வேலை. இருபத்துமூன்று வருடமாக ஒட்டுகிறார். அவர் ஒட்டிய சீட்டை நம்பி ஜெயித்தவர்கள் உண்டு, தோற்றவர்கள் உண்டு. சீட்டு தப்பாக ஒட்டப்பட்டது என்று சொன்னவர் இல்லை.

இருபத்துமூன்று வருடத்தில் இருபத்திரண்டு மாநாடுகளுக்குப் போயிருக்கிறார். எல்லாவற்றிலும் உட்கார்ந்தார், கைதட்டினார், துணிப்பை வாங்கிக்கொண்டு வந்தார். மேடை ஏறியதில்லை. அவருக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள்கூட மைக்கைத் தட்டி ‘ஹலோ, ஹலோ’ சொல்லியாகிவிட்டது. இந்த வருடம்தான் முதல்முறையாகப் பத்து நிமிடம் கிடைத்தது. தலைப்பு: ‘சட்டத்தின் இன்றைய நிலையை ஐயத்துக்கு இடமின்றி அறிவது எப்படி?’

கிடைத்ததா இல்லையா என்பதில்தான் சிக்கல்.

மாநாட்டுக் குழுவில் இருப்பவர்களும் சட்ட நூலகர்கள்தானே. ‘தேதி மாறிடுச்சு’ என்று ஒரு வரி எழுதுவது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். முதல் சுற்றறிக்கை, மாநாடு பதினாலாம் தேதி என்றது. அதில் நம்மவர் பெயர் இல்லை. பிறகு முதல் திருத்தம் வந்தது: ‘நான்காம் பத்தியில் பதினான்கு என்பதற்குப் பதிலாக இருபத்தொன்று என்று கொள்க, ஒன்பதாம் பத்திக்குப் பின் கீழ்க்கண்ட உரையைச் சேர்க்க.’ கீழ்க்கண்டதுதான் அவர் உரை. அன்று மாலையே கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டார். இரண்டாம் திருத்தம், ‘முதல் திருத்தம் ரத்து’ என்றது. தையல்காரர் அதற்குள் துணியை வெட்டியிருந்தார். மூன்றாம் திருத்தம், ‘இரண்டாம் திருத்தம் ரத்து’ என்றது. நான்காம் திருத்தம் தேதியைப் பற்றி மூச்சே விடவில்லை. ‘முந்தைய திருத்தங்களைப் பிரதிநிதிகள் தூக்கி எறிந்துவிட வேண்டாம்’ என்று மட்டும் கேட்டுக்கொண்டது.

அவர் எதையும் எறியவில்லை. ஒவ்வொன்றையும் முதல் சுற்றறிக்கையின் மேலேயே முறைப்படி ஒட்டினார். ஒற்றைத் தாள் தலையணை மாதிரி உப்பிவிட்டது.

வீட்டில் ஒத்திகை நடந்தது. மனைவி ரயில் நிலையத்தில் விசாரணை ஜன்னலில் உட்காருபவர். ‘எத்தனை மணிக்கு, எந்த பிளாட்பாரம்’ என்ற கேள்விக்கு நாளுக்கு ஆயிரம் தடவை இரண்டே வார்த்தையில் பதில் சொல்லி வருபவர்.

“பத்து நிமிஷம் ஆயிடுச்சு,” என்றார் கடிகாரத்தைப் பார்த்து.

“இன்னும் முன்னுரையே முடியலையே.”

“இன்னும் நீங்க வணக்கமே முடிக்கல. மேடையில இருக்கிறவங்க, கீழ இருக்கிறவங்க, செத்துப்போனவங்க, எல்லாருக்கும் தனித்தனியா வணக்கமா? சரி, டிக்கெட்டு எந்தத் தேதிக்குப் போடட்டும்?”

“அதைத்தான் ஆராய்ஞ்சிட்டு இருக்கேன்.”

“என்னத்த ஆராயறது? இன்னைக்கு ஒன்பது. பதினாலா, இருபத்தொண்ணா?”

“முதல் திருத்தம் உயிரோட இருந்தா இருபத்தொண்ணு. செத்திருந்தா பதினாலு.”

“அது உயிரோட இருக்கான்னு ஒரு போன் போட்டுக் கேட்டா என்னங்க?”

“வாய்மொழியா சொல்றதை எப்படி எடுத்துக்க முடியும்?”

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தார். “என் ஜன்னல்ல வந்து இப்படிப் பேசுற ஆளுங்களை நாங்க ஓரமா நிக்கச் சொல்லிடுவோம்,” என்று சொல்லிவிட்டுக் கோட்டை உறைக்குள் போட்டு மாட்டினார்.

மறுநாள் நூலகத்தில் துணை நூலகர் பெரிய மேசையைக் காலி செய்து வைத்திருந்தார். கூர்மையான பெண், வாயும் அப்படியே. இருவரும் அந்தத் தலையணையை நடுவில் வைத்து எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நோயாளியைச் சுற்றி டாக்டர்கள் நிற்கிற மாதிரி இருந்தது.

“சார், சாதாரணமா யோசிங்க. லைட்டை அணைச்சாங்க. அப்புறம் அணைச்சதைத் தப்புன்னுட்டாங்க. அப்போ லைட்டு எரியுதுன்னுதானே அர்த்தம்?”

“யாராவது மறுபடி ஸ்விட்சைப் போடணும்ல?”

“அப்ப இருட்டுங்கறீங்களா?”

“இருட்டுன்னும் சொல்லல.”

“பின்ன என்னதான் சார் சொல்றீங்க?”

அவர் தலையணையின் ஓரத்தில் கிளம்பியிருந்த சீட்டை விரலால் அழுத்தி ஒட்டினார். விடை அவருக்குத் தெரியும். தெரிந்த விடை அவருக்குப் பிடிக்கவில்லை. ஆகவே குழப்பமாக இருப்பதே நல்லது என்று முடிவு செய்திருந்தார். அந்த முடிவில் மட்டும் தெளிவாக இருந்தார்.

கடைசியில் துணை நூலகரே மாநாட்டுச் செயலாளருக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியை அழுத்தி மேசையில் வைத்தார்.

“திருத்தம் சாரா? நானே கூப்பிடணும்னு இருந்தேன் சார்,” என்றது செயலாளரின் குரல், நிம்மதியோடு. “மாநாடு என்னைக்கு சார்?”

“நீங்கதானே செயலாளர்?”

“அதனாலதான் கேக்கறேன். கமிட்டியில அஞ்சு பேர் பதினாலுங்கறாங்க, அஞ்சு பேர் இருபத்தொண்ணுங்கறாங்க. தலைவர் ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குங்கறார். ஹாலை ரெண்டு நாளைக்கும் பிடிச்சு வெச்சிருக்கோம்.”

“மூணாம் திருத்தத்தை எழுதினவர் என்ன நினைச்சு எழுதினார்?”

“அவர் பென்ஷன் வாங்கிட்டுப் போயிட்டார் சார். சார், ஒரு உபகாரம். திருத்தங்களையெல்லாம் சேர்த்து ஒரே பிரதியா தொகுத்து நீங்க அனுப்பிடுங்க. உங்களை மிஞ்சி யாரு? நீங்க போட்டதுதான் தேதி. தலைவர் கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுவார்.”

போன் அணைந்ததும் துணை நூலகர் எழுந்து நின்றே விட்டார். “சார்! பழம் நழுவிப் பால்ல விழுந்திருக்கு. இருபத்தொண்ணுன்னு போடுங்க, உங்க உரையையும் போடுங்க. யாரு கேக்கப் போறா?”

யாரும் கேட்கப்போவதில்லைதான். அவர் தட்டச்சு செய்ய உட்கார்ந்தார். மூன்று பத்திகளைப் பிசகில்லாமல் அடித்தார். நான்காம் பத்தியில் ‘மாநாடு’ என்று அடித்தார். பிறகு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து, ‘மாநாடு’ சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. மறுபடி தண்ணீர் குடித்தார்.

அந்த நேரம் பார்த்து, வாடகை வழக்குகளிலேயே காலம் தள்ளும் வக்கீல் ஒருவர் கவுன்டரில் வந்து மூச்சு வாங்கினார். கீழே வழக்கு கூப்பிட்டுவிட்டார்கள் போல.

“திருத்தம் சார், சீக்கிரம். ஒரு விதியை ரத்து பண்ணிட்டாங்க. அப்புறம் ரத்து பண்ணினதையும் ரத்து பண்ணிட்டாங்க. பழைய விதி தானா திரும்ப வந்துடுமா?”

“வராது,” என்றார் திருத்தம் சார், தலையைத் தூக்காமலே. “வரும்னு தனியா எழுதியிருந்தாதான் வரும். எழுதியிருக்கா?”

“இல்ல.”

“அப்ப செத்தது செத்ததுதான். போங்க.”

வக்கீல் படியிறங்கி ஓடினார். துணை நூலகர் கையிலிருந்த பேனாவை மெதுவாக மேசையில் வைத்தார்.

“சார்.”

“என்ன?”

“இப்ப என்ன சொன்னீங்க?”

என்ன சொன்னோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

“அது சட்டம் சார்,” துணை நூலகர் குரலைத் தாழ்த்தினார். “இது வெறும் அழைப்பிதழ். அதுக்கு இந்த விதியெல்லாம் ஒட்டாது. நான் வேணா அடிக்கறேன், நீங்க வெளிய போய் டீ குடிச்சிட்டு வாங்க.”

“ஒட்டாதுன்னு எங்கயாவது எழுதியிருக்காம்மா?”

“உங்க பத்து நிமிஷம் சார் அது. இருபத்துமூணு வருஷம்.”

“தெரியும்.”

பதினான்கு என்று அடித்தார். ஒன்பதாம் பத்திக்குப் பின் எதையும் சேர்க்கவில்லை. அச்செடுத்து, ஓரத்தில் தேதி போட்டுக் கையெழுத்து வைத்தார். வழக்கமாக ஒரே வீச்சில் போடுகிற கையெழுத்து அன்று இரண்டு இடத்தில் நின்று போனது. அனுப்பிவிட்டு மனைவிக்குப் போன் செய்தார்.

“பதினாலுக்கே டிக்கெட் போட்டுடு.”

பின்னால் ரயில் அறிவிப்பு இரைந்துகொண்டிருந்தது. மனைவி அது அடங்கும் வரை காத்திருந்தார். “பதினாலுன்னா உங்க பேச்சு?”

“அது இல்ல.”

“யாரு எடுத்தாங்க?”

“நான்தான்.”

ஜன்னலில் யாரோ என்னவோ கேட்டார்கள். “கொஞ்சம் இருங்க,” என்று மனைவி சொன்னது அவருக்கா, ஜன்னலுக்கா என்று விளங்கவில்லை. பிறகு, “சரி, கோட்டைப் போட்டுக்கிட்டே போங்க. தைச்சாச்சு,” என்று வைத்துவிட்டார்.

மாநாடு பதினாலாம் தேதி கூடியது. குழப்பம் தீர்த்த தொகுப்பை ‘வரலாற்றுச் சிறப்பு மிக்க ஆவணம்’ என்று தலைவர் பாராட்டினார்; தொகுத்தது யார் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார். திருத்தம் சார் புதுக் கோட்டோடு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். சாப்பாட்டுக்குப் பிறகு வர வேண்டிய பேச்சாளர் ஒருவர் வரவில்லை. அவர் இருபத்தொன்று என்று நினைத்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் காலியாக நின்றது. “யாராவது ரெண்டு வார்த்தை பேசறீங்களா?” என்று செயலாளர் மைக்கில் கேட்டார். சபை கலகலத்தது. எல்லாரும் எல்லாரையும் திரும்பிப் பார்த்தார்கள். திருத்தம் சாரின் கை தொடையிலிருந்து ஓர் அங்குலம் எழும்பியது. நிகழ்ச்சி நிரலில் இல்லாத உரைக்கு ஆதாரம் என்ன என்று யோசித்துக்கொண்டு அங்கேயே நின்றது.

அந்தப் பத்து நிமிடம், வாசலில் கடை போட்டிருந்த இரும்பு அலமாரிக் கம்பெனிக்காரர் பேசினார். நன்றாகவே பேசினார்.