கேப்டன் சிரித்த சிரிப்பு

அந்தச் சலவைக்கடைக்குத் துணி கொடுக்க வருகிறவர்களைவிடக் கிரிக்கெட் பார்க்க வருகிறவர்கள்தான் அதிகம். கடை என்பது ஒரே அறை. முன்னால் கவுண்டர், பின்னால் இஸ்திரி மேசை, மேசைக்கு மேலே கம்பியில் பிளாஸ்டிக் உறை போட்ட கோட்டுகள், கோட்டுகளுக்குப் பின்னால் சுவரில் ஒரு டிவி. மேட்ச் நாளில் கோட்டுகளையெல்லாம் ஒரு மூலைக்குத் தள்ளிவிடுவார்கள். கசங்கினதை மறுபடி தேய்ப்பது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. அண்ணிதான் தேய்ப்பாள்.

அண்ணி கடைக்காரரின் மனைவி. அவருடைய தம்பி, சின்னவன், அப்படிக் கூப்பிடப் போய்த் தெருவே பிடித்துக்கொண்டது. அவளுக்கு அப்பா வயதாகிற மருந்துக்கடைக்காரருக்கும் அவள் அண்ணிதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடியே மேட்ச் பார்க்கிறாள். சட்டையையும் கருக்கியதில்லை, விக்கெட்டையும் தவறவிட்டதில்லை.

அன்றைக்குக் கேப்டன் நாலு ரன்னில் அவுட். வெளியே போய்க்கொண்டிருந்த பந்தை வலியப் போய்த் தொட்டு, ஸ்லிப்பில் நின்றவன் கையில் கொடுத்துவிட்டு நடந்தார். கேமரா உடனே மேலே போனது. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த கேப்டனின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டதை மூன்று கோணத்தில் காட்டினார்கள். அவுட்டானதைக்கூட ஒரு தடவைதான் காட்டினார்கள்.

பஸ் டிரைவர் எழுந்து நின்றுவிட்டார். இவனை இன்னும் எதற்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவருடைய ஆறு மாதத்துக் கேள்வி. வண்டி ஓட்ட முடியாதவனை டிப்போவில் ஸ்டியரிங்கைப் பிடிக்க விடுவார்களா என்று கேட்டார். மருந்துக்கடைக்காரர் விடவில்லை. பேட்டிங் வேறு, தலைமை வேறு, போன தடவை வெளிநாட்டில் ஜெயித்துக் கொடுத்தது இவர் மூளைதான், ஃபீல்டரை இவர் மாதிரி நிறுத்த யாருக்குத் தெரியும் என்றார். காய்ந்து கிடக்கிற பிட்சில் எதிராளியை முதலில் ஆடவிட்டு, சுழல் பந்துக்காரனைக் கடைசிவரை ஒளித்து வைத்ததும் அந்த மூளைதானே என்று டிரைவர் திருப்பிக் கேட்டார். சத்தம் தெருவுக்குக் கேட்டது.

அண்ணி மருந்துக்கடைக்காரர் கட்சி. பந்தை நோக்கி முன்கால் வரவில்லை, அதுதான் கோளாறு, கால் வந்துவிட்டால் ரன்னும் வந்துவிடும் என்று காலரை நீவிக்கொண்டே சொன்னாள். கேப்டன் அடிக்காத ஒவ்வொரு மேட்ச்சிலும் அவள் இதைத்தான் சொன்னாள். அதற்காக வாங்கிய கிண்டலுக்கு அளவில்லை.

அப்போதுதான் கடைக்காரர் வாயைத் திறந்தார். மேட்ச் முடிகிறவரை இடம் மாறி உட்காராத மனிதர் அவர். மாறினால் விக்கெட் விழுமாம்.

"கல்யாணத்துக்கு முன்னாடி இவன் இப்படியா ஆடினான்? யோசிச்சுப் பாருங்க. அந்தப் பொண்ணு வந்து உக்காந்தா போதும், அவுட்."

உலகத்தில் எதிலும் ஒத்துப்போகாத டிரைவரும் மருந்துக்கடைக்காரரும் இதில் மட்டும் ஒன்றாகத் தலையாட்டினார்கள். ஆமாம் அண்ணே, எனக்கும் அதான் தோணுது என்றார் ஒருவர். ராசின்னு ஒண்ணு இருக்குல்ல என்றார் மற்றவர். இவ்வளவு நேரம் காலையும் பிட்சையும் பற்றிப் பேசியதெல்லாம் சும்மா பொழுதுபோக்கு என்பது போல அறையில் ஒரு நிம்மதி வந்தது. அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பந்து அவன் மட்டையில்தானே பட்டது, அவள் கையில் மட்டையா இருந்தது என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணி கோபப்பட்டால் அவர்களுக்கு அதுவும் ஒரு வேடிக்கை.

கவுண்டர் ஓரத்தில் துணிகளுக்கு நம்பர் சீட்டு குத்திக்கொண்டிருந்த புதுப்பெண் மட்டும் சிரிக்கவில்லை. சின்னவனுடைய மனைவி. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அங்கே முடித்துவிட்டு வந்து இங்கேயும் கை கொடுப்பாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை அவள். ஊசி குத்துகிற வேகம் மட்டும் குறைந்தது.

குறையத்தானே செய்யும். சின்னவனும் கிரிக்கெட்காரன். மின்சார அலுவலகத்து அணியில் மூன்றாவதாக இறங்குகிறவன். அந்த ஆட்டத்தை வைத்துத்தான் அவனுக்குத் தற்காலிக வேலையே கிடைத்தது. இந்த சீசனில் அணியில் நிலைத்தால் வேலையும் நிலைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் கொஞ்ச நாளாக அவனுடைய வெள்ளை பேன்ட் போன மாதிரியே திரும்பி வந்துகொண்டிருந்தது. அழுக்காவதற்குள் அவுட்டாகிவிடுகிறான், எனக்கு சோப்பு மிச்சம் என்று அண்ணியே ஒருநாள் கேலி செய்திருக்கிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புதுப்பெண் முதல் தடவையாக அவன் ஆடுவதைப் பார்க்கப் போனாள். அண்ணிதான் போய்ப் பார் என்று அனுப்பினாள். முதல் பந்திலேயே பூஜ்யம்.

ராத்திரி சாப்பாட்டு மேசையில் கடைக்காரர் விஷயத்தைப் பூசி மெழுகித்தான் ஆரம்பித்தார். யார் மேலும் தப்பு சொல்லவில்லை, நேரம் சரியில்லை, அவ்வளவுதான். புதுப்பெண் சீசன் முடிகிறவரை அம்மா வீட்டில் போய் இருந்துவிட்டு வரட்டும். ரெண்டு மாசம் என்ன பெரிய ரெண்டு மாசம், கண்ணை மூடித் திறந்தால் போய்விடும். வர்ற சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏற்றிவிட்டால் போதும்.

அவள் அம்மா வீடு இருப்பது வேறு ஊரில். ரெண்டு மாதம் வராத ஆளுக்குக் கண்ணாடிக் கடையில் இடம் பிடித்து வைத்திருக்க மாட்டார்கள். தம்பியின் வேலை நிலைக்க வேண்டும் என்பதற்காகத் தம்பி மனைவியின் வேலையைத் தூக்கிக் குப்பையில் போடச் சொல்கிறோம் என்பது அந்த மனிதருக்கு உறைக்கவே இல்லை. அண்ணி அதைச் சொன்னாள். ஒரு தடவை இல்லை, கை கழுவுகிற வரை சொன்னாள். அவர் காதில் ஏறவில்லை. புதுப்பெண் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் தட்டில் அப்படி என்னதான் இருந்ததோ, சாப்பாடு முடிந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை மேட்ச். கேப்டனின் மனைவி மைதானத்துக்கு வரவில்லை. போனில் முன்பின் தெரியாதவனெல்லாம் வாய் கூசாமல் எழுதியதைப் படித்துவிட்டு அவள் ஊருக்கே திரும்பிப் போய்விட்டாள் என்று டிவியில் சொன்னார்கள். கேப்டன் அன்றைக்கு நூற்றுப் பதினெட்டு அடித்தார்.

நல்ல ஆட்டம்தான், அதில் குறை சொல்ல அண்ணிக்கு மனசு வராது. முன்கால் வந்தது. தொடக் கூடாத பந்தைத் தொடவில்லை. சுழல் பந்துக்காரனைச் சரியான நேரத்தில் கொண்டுவந்து எதிராளியைச் சுருட்டினார். இத்தனை நாள் அவள் கத்திக்கொண்டிருந்தது அத்தனையும் நடந்தது. ஆனால் கடையில் யாரும் காலைப் பற்றிப் பேசவில்லை. டிரைவர் ஆறு மாதம் திட்டிய வாயாலேயே தலைவன்னா இவன்தான்யா தலைவன் என்று தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். மருந்துக்கடைக்காரர் எல்லாருக்கும் டீ சொன்னார். கடைக்காரர் அன்று முதல் தடவையாக இடத்தைவிட்டு எழுந்தார்.

"சொன்னேனா இல்லையா? அவ போனா, இவன் அடிச்சான்."

கடைக்கு மேலேயே இருந்த வீட்டுக்குப் போகிற மாடிப்படிக்குக் கீழே புதுப்பெண்ணின் பெட்டி தயாராக இருந்தது. அவளும் அதன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. அவளை ஏற்றிவிட வேண்டிய சின்னவன் சட்டை மாற்றிக்கொண்டு வந்து டிவியைப் பார்த்து நின்றான்.

அப்போது பரிசு கொடுக்கிற இடத்தில் கேப்டனிடம் மைக்கை நீட்டினார்கள். மனைவி வராத நாளில் சதம் அடித்திருக்கிறீர்கள், ரசிகர்கள் ஒரு மாதிரி பேசுகிறார்களே, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டான் மைக் பிடித்தவன். அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். இதோ இப்போது சொல்லுவான் என்று நினைத்தாள். இவ்வளவு நாள் இவனுக்காக இவன் மனைவி ஊர் வாயில் விழுந்ததற்கு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை.

கேப்டன் சிரித்தார். தோளைக் குலுக்கினார். பிட்ச் நன்றாக இருந்தது, ரசிகர்களுக்கு நன்றி என்று சொல்லிவிட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

கடை கைதட்டியது. அண்ணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்தச் சிரிப்புக்காகவா இவனுக்கு வக்காலத்து வாங்கினோம் என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. ரன் அடிக்காதபோது இவனுக்காகச் சண்டை போட்டதற்கு அவள் வருத்தப்படவில்லை. ரன் அடிக்காமல் போவது யாருக்கும் நடக்கும். நேரே போய் டிவியை அணைத்தாள்.

அண்ணி என்னாச்சு, நம்ம ஆளு அடிச்சிட்டான், இப்பப் போய் அணைக்கிறீங்களே என்று டிரைவர் கேட்டார்.

"நம்ம ஆளு இல்ல. இன்னையோட இவன் எனக்குக் கேப்டனே இல்ல. வேகமா வர்ற பந்தைத் தோள்ல வாங்குவானாம், சொந்தப் பொண்டாட்டி மேல வர்ற பழிக்கு மட்டும் ஒதுங்கி வழி விடுவானாம். நூத்துப் பதினெட்டு அடிச்சா சரியாப் போச்சா? பதினோரு பேருக்கு முன்னாடி நிக்கிறவன், ஒருத்திக்கு முன்னாடி நிக்க மாட்டானா?"

யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரர் மட்டும், கிரிக்கெட்டை வீட்டோட போட்டுக் குழப்பாதே என்று முணுமுணுத்தார்.

"குழப்பினது யாருங்க? நானா?" அண்ணி சின்னவன் பக்கம் திரும்பினாள். "தம்பி, அவன்கிட்ட கேட்டதையே உன்கிட்ட கேக்குறேன். நீ அவுட் ஆகுறது இவளாலயா?"

சின்னவன் அண்ணனைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். பிறகு சிரித்தான். அதே சிரிப்பு. தோள்கூட அதே மாதிரி குலுங்கியது. "விடுங்க அண்ணி, ரெண்டு மாசம்தானே" என்றான்.

புதுப்பெண் விறுவிறுவென்று மாடியேறிப் போனாள். அழப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், அண்ணியும்தான். மேலே எதையோ தரையில் இழுக்கிற சத்தம் கேட்டது. சின்னவனுடைய கிரிக்கெட் பையைப் படிபடியாகத் தட்டிக்கொண்டு இறக்கி வந்தாள். அவள் உயரத்துக்கு இருந்தது பை. அதைக் கொண்டுவந்து அவன் காலடியில் போட்டாள். அதன்மேல் பஸ் டிக்கெட்டை வைத்தாள்.

"எனக்குத் திங்கக்கிழமை வேலை இருக்கு. நீங்க போய் எங்கம்மா வீட்ல ரெண்டு மாசம் இருங்க. நான் கூட இருந்தாத்தானே உங்களுக்கு ரன் வராது? நான் இங்கயே இருக்கேன். எங்கம்மா நல்லாப் பாத்துக்குவாங்க."

டிரைவர் டீ கிளாஸைச் சத்தம் வராமல் கவுண்டரில் வைத்தார். கடைக்காரர், என்னம்மா இது, ஆம்பளை போய் மாமியார் வீட்டில் உட்காருவதா, ஊர் என்ன சொல்லும் என்று ஆரம்பித்தார். "ரெண்டு மாசம்தானே மாமா" என்றாள் அவள். குரலில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அவர் டிரைவரைப் பார்த்தார், டிரைவர் கோட்டுகளைப் பார்த்தார்.

சின்னவன் முகம் சிவந்துவிட்டது. இவ்வளவு பேர் முன்னால் என்று பல்லைக் கடித்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தச் சாப்பாட்டு மேசையில் பார்த்த அதே பார்வை. இந்தத் தடவை குனிந்து பார்க்க அவனுக்குத் தட்டு இல்லை. காலடியில் அவன் பைதான் கிடந்தது.

"வெளிய போற பந்தைத் தொடுறேன்" என்றான் கடைசியில், வாய்க்குள்ளேயே.

"கேக்கல" என்றாள் அவள். "நான் ராசி இல்லாதவள்னு சொன்னது கடைக்கே கேட்டுச்சு. இதுவும் கேக்கட்டும்."

அவன் அண்ணன் பக்கம் திரும்பினான். "எல்லாத் தடவையும் ஒரே மாதிரிதான் அவுட் ஆனேன்ணா" என்று சத்தமாகச் சொன்னான். "வெளிய போற பந்தைத் தொட்டுத்தான். கோச் சொல்லிட்டே இருக்கார், எனக்குத்தான் பயம், கால் போக மாட்டேங்குது. இவ மைதானத்துக்கு வந்ததே அந்த ஒரு நாள்தான். நீங்க இவளைச் சொன்னதும் என்னை யாரும் கேக்க மாட்டாங்கன்னு நிம்மதியா இருந்துச்சு. அதான் வாயைத் திறக்கல."

கடைக்காரர் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். மருந்துக்கடைக்காரர் கடையைச் சாத்த வேண்டும் என்று சொல்லிக் கிளம்பினார். அண்ணிக்கு நெஞ்சில் இருந்த எரிச்சல் முழுதாக இறங்கவில்லை, பாதிதான் இறங்கியது. ஒரு கேள்வியைத் தாங்க முடியாமல் ஒருத்தன் ஒரு பெண்ணின் ரெண்டு மாதத்தை, வேலையை, மானத்தை அப்படியே தூக்கிக் கொடுக்கத் துணிந்திருக்கிறான்.

புதுப்பெண் பஸ் டிக்கெட்டை எடுத்து நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறினாள். கூடவே வந்து பெட்டியை வாங்கக் கை நீட்டினான் சின்னவன். அவள் கொடுக்கவில்லை.

"உங்க பையை நீங்க தூக்கிட்டு வாங்க" என்றாள்.