கண் மூடிய ஒரு படம்

1

இந்தக் கதை முழுக்க என்னுடையதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து சட்டையைப் பிடிக்கக் கூடாது. கல்யாணங்களில் படம் எடுக்கும் ஒரு பெண் பேச்சுவாக்கில், "கண்ணு மூடியிருந்தா யோசிக்கவே மாட்டேன், அந்தப் படத்தைத் தூக்கிடுவேன்" என்றாள். அந்த ஒரு வரிதான் முதல். மீதியெல்லாம் என் சரக்கு. கடைத்தெருவில் வளர்ந்தவனுக்கு அரை முழம் துணி கிடைத்தாலும் முழுச் சட்டை தைத்துவிடலாம் என்ற நப்பாசை போகாது.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

மண்டபத்தின் உயரமான சன்னல்கள் வழியே வெளிச்சம் பாலைப் போல வழிந்து—

(விட்டுவிட்டேன். பால் வழிந்தால் துடைக்க ஆள் வேண்டும்.)

அடுத்து இப்படி:

அவள் யாரையும் சிரிக்கச் சொன்னதில்லை.

இது இருக்கட்டும்.

2

அவள் யாரையும் சிரிக்கச் சொன்னதில்லை. இங்கே பாருங்கள், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், இன்னொரு தடவை கையைப் பிடியுங்கள் — இந்தப் பேச்சே அவளிடம் கிடையாது. நடக்கிறதை நடக்கிறபடி எடுப்பாள். கல்யாணம் முடிவதற்குள் வீட்டார் அவளை ஒரு தூண் என்றே நினைத்து, அவள்மீது சாய்ந்துகொண்டு சண்டை போடுவார்கள்.

அந்தக் கல்யாணத்தில் இரண்டு வீட்டாருக்கும் மொழி வேறு, சாப்பாடு வேறு, கோபித்துக்கொள்ளும் விதமும் வேறு. பெண் வீட்டில் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். மாப்பிள்ளை வீட்டில் கோபம் வந்தால்தான் பேச்சே ஆரம்பிக்கும்.

மணமக்கள் கைகோர்க்கும் நேரம் வந்தது. மாப்பிள்ளை வீட்டு வழக்கப்படி அந்தக் கணத்தை எல்லோரும் கண்கொட்டாமல் பார்க்க வேண்டும். பார்ப்பதுதான் ஆசி. பெண் வீட்டு வழக்கப்படி எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மனதார வாழ்த்துகிறவன் வேடிக்கை பார்க்க மாட்டான் என்பது அவர்கள் கட்சி. மணப்பெண்ணும் மூடிக்கொள்வாள். மனதில் சம்மதமில்லாதவர்கள் மட்டும் திறந்தே வைத்திருப்பார்கள். யார் மூடினார், யார் திறந்திருந்தார் என்று யாரும் பார்த்ததில்லை. பிறகு கேட்பதும் கூடாது.

இதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. தூணுக்கு யார் வழக்கம் சொல்லிக்கொடுப்பார்கள்?

கைகள் சேர்ந்தன. மண்டபம் தண்ணீருக்குள் இறங்கியது போலாயிற்று. சன்னல் திரை மெல்ல உப்பி, மூச்சு விடுவதுபோல் அடங்கியது. ஒரு பாதி உறங்கிப்போன கப்பல். மறு பாதி அதையே பார்த்துக்கொண்டிருக்கும் கரை. இரண்டுக்கும் நடுவில் இரண்டு கைகள் மிதந்துகொண்டிருந்தன.

"சம்பந்தி வீட்டுல எல்லாரும் தூங்கிட்டாங்களே," என்றாள் மாப்பிள்ளையின் அம்மா, தன் தங்கையிடம்.

"விடுக்கா, பாவம். காலைலேர்ந்து அலைச்சல்."

(அவர்கள் மொழி எனக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்து விலை சொல்கிற பழக்கத்தில் முகத்தைப் பார்த்து வசனமும் எழுதிவிட்டேன்.)

3

எனக்குச் சந்தேகமே பெண்ணின் அப்பாமீதுதான்.

முதல் பிரதியில் அவரை வில்லனாக்கியிருந்தேன். இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று மாதக்கணக்கில் மகளிடம் முகங்கொடுத்துப் பேசாதவர், பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கல்யாணத்தன்று எல்லோருக்கும் முன்பாக வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். மின்விசிறி ஓடுகிறதா என்று கேட்டார். அதோடு சரி. அப்படிப்பட்டவரை எப்படி வில்லனாக வைத்துக்கொள்வது?

அவர் துணிக்கடைக்காரர்.* மனதில் இருப்பது முகத்துக்கு வந்தால் வியாபாரம் கெட்டது என்று பழகியவர். அவர்

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. அவருக்கே தெரியுமோ என்னவோ.)

* இந்த ஆட்களோடு வளர்ந்தவன் நான். கொள்முதலுக்குப் போனால், வாங்க வந்த பொருளைத் தொடக்கூட மாட்டார்கள். பக்கத்தில் இருப்பதைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள்.

4

கல்யாணம் முடிந்து சில வாரங்கள் கழித்து, ஆல்பத்தைப் பார்க்க மணப்பெண் படக்காரியின் அறைக்கு வந்தாள். கதவருகே செருப்பைக் கழற்றிவிட்டு, மேசைமேல் இருந்த லென்ஸ் மூடிகளை ஒதுக்கி, தனக்குக் கொடுத்த தேநீர்க் குவளையை வைத்தாள். புரட்டப் புரட்ட அவள் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"அக்கா, கைகோர்க்கிற நேரத்துல எங்க ஆளுங்க ஒருத்தரையும் காணோமே?"

"எல்லாப் படத்துலயும் கண்ணு மூடியிருந்தாங்கம்மா. அதெல்லாம் கழிச்சுட்டேன்."

"கழிச்சுட்டீங்கன்னா?"

"அழிச்சுட்டேன். கண்ணு மூடின படத்தை யாரு கேக்கப்போறாங்க?"

மணப்பெண் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியிலேயே வேறு ஏதோவாக மாறியது. வழக்கத்தை அவள் சொல்லி முடித்தபோது படக்காரியின் தேநீர் ஆறிப்போயிருந்தது.

"எல்லாரும் வேணாம்க்கா. எங்கப்பா மூடினாரா? அது மட்டும் தெரிஞ்சாப் போதும்."

"நான் உன்னைத்தான் பாத்துட்டிருந்தேன். அவர்கிட்டயே கேட்டுப் பாரேன்."

"கேக்கக் கூடாது. கேட்டாலும், துணி சாயம் போகுமான்னா போகவே போகாதுன்னு சொல்ற வாய் அது. அதை நம்பி என்ன பண்றது?"

5

படக்காரி தேடினாள். எத்தனையோ கல்யாணத்தில் முகம் சுளிக்காமல் ஒதுக்கித் தள்ளிய மூடிய கண்களெல்லாம் அன்றைக்குத்தான் அவளுக்கு உறுத்தின. யாரெல்லாம் எதற்காகவெல்லாம் மூடியிருந்தார்களோ.

கடைசியில் ஒன்று சிக்கியது. மாப்பிள்ளையின் அம்மா கண் விரியப் பார்த்துக்கொண்டிருக்கும் படம், அவளுக்காகவே தப்பியிருந்தது. அவள் தோளுக்குப் பின்னால், கொஞ்சம் மங்கலாக, பெண்ணின் அப்பா. கண்கள் மூடியிருந்தன.

படக்காரி மூச்சை விட்டாள். விட்ட கையோடு மறுபடி பிடித்துக்கொண்டாள்.

மனிதன் சும்மாவும் கண்ணைச் சிமிட்டுவான். ஒற்றைப் படத்தில் சிமிட்டலுக்கும் ஆசிக்கும் ஒரே முகம்தான். முன்னாலும் பின்னாலும் எடுத்த படங்கள் இருந்தால் சொல்லிவிடலாம். அவற்றைத்தான் அவள் கழித்துவிட்டாளே. இன்னொரு தடவை, ஐயா, ஒரே ஒரு தடவை என்று யாரிடமாவது கேட்க மாட்டோமா என்று முதன்முறையாக அவளுக்குத் தோன்றியது.

6

முடிவுகளை விரித்துப் போடுகிறேன், தடவிப் பாருங்கள்.

ஒன்று: "மூடியிருக்கார் பாரு" என்று படக்காரி அடித்துச் சொல்கிறாள். பெண் அழுகிறாள். எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் இல்லை.

இன்னொன்று: படக்காரி படத்தை அப்பாவின் கடைக்கே எடுத்துப் போகிறாள். அப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்க்கிறார். "கண்ணுல தூசி விழுந்திருக்கும்," என்கிறார். பிறகு, "இதுல ஒண்ணு எனக்கும் வேணும்," என்று

(இது எனக்குப் பிடித்திருந்தது. அதனாலேயே நம்பாமல் வெட்டினேன்.)

என்னால் எழுத முடிந்தது இவ்வளவுதான். இத்தனை வருடம் யாரையும் இதைப் பார், இப்படிப் பார் என்று சொல்லாதவள், இப்போதும் சொல்லவில்லை. கணினித் திரையை மணப்பெண்ணின் பக்கம் திருப்பி வைத்தாள். அறைச் சன்னலின் திரை உப்பி, அடங்கியது.

மணப்பெண் உடனே பார்க்கவில்லை. முதலில் கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்ததும் அவள் என்ன கண்டாள் என்பதை நீங்கள் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். நான் இங்கே கண்ணை மூடிக்கொள்கிறேன். எதற்காக என்று பிறகு என்னைக் கேட்கக் கூடாது.