டிராலி பஸ்ஸில் விலைபோன வீடு

போன இலையுதிர் காலத்தில் என் ஈரலில் பாதியை அறுத்து என் தம்பி லுவ்சானுக்கு வைத்தார்கள். எல்லையிலிருந்து தலைநகர் உலான்பாத்தருக்குச் சரக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன். காமாலையை வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்டு, வயிறு பானை மாதிரி வீங்கி, ஒருநாள் நினைவு தப்பி விழுந்தான். பிழைத்துவிட்டான். ஆனால் லாரி போயிற்று, சேமிப்பு போயிற்று. வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடன்தான் மிச்சம். ஒரு வருஷத்துக்குக் கனமான எதையும் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் மனைவி துல்மா, மேலே மின்கம்பியைத் தொட்டு ஓடும் டிராலி பஸ்ஸை ஓட்டுகிறவள். அவள் சம்பளம் அவன் மாத்திரைக்கே காணவில்லை.

சகான் சார் புத்தாண்டு விடுமுறை முடிந்த மறுநாள் வீட்டை ஏலம் விடப்போவதாக வங்கியிலிருந்து கடிதம் வந்தது. ஏலத்தில் போனால் கையில் ஒன்றும் நிற்காது. நாமே விற்றால் கடன் போக ஏதாவது மிஞ்சும். துல்மா அலைந்து திரிந்து ஒரு ஆளைப் பிடித்தாள். பதினாறு கோடி துக்ரிக் என்று பேச்சு முடிந்தது. விடுமுறைக்கு முந்தின கடைசி வேலை நாளில் கையெழுத்து.

அன்று காலை நான் அவள் பஸ்ஸில்தான் இருந்தேன். அவள் வேலை முடிந்ததும் சேர்ந்து நோட்டரியிடம் போவதாக ஏற்பாடு. பஸ் கடைசி நிறுத்தத்தில் நின்றபோது அந்த ஆள் போன் செய்தான்.

"பதினொண்ணுதான் தருவேன். இன்னைக்கு விட்டா உங்களுக்கு வழியில்லைன்னு எனக்குத் தெரியும்" என்றான்.

"எனக்கு வழியில்லதான். ஆனா உனக்கு வீடும் இல்ல. வை போனை" என்றாள் துல்மா.

வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அக்கா, புத்தி கெட்டுப் பேசிட்டேனா?"

"நீ பேசலைன்னா நான் பேசியிருப்பேன். வண்டிய எடு."

அமைதிச் சாலையில் பண்டிகை நெரிசல். கார்கள் ஓர் அடி நகரவில்லை. பஸ்ஸுக்குள் மூட்டையும் மிட்டாய்ப் பெட்டியுமாக ஜனங்கள் நெருக்கியடித்து நின்றார்கள். இத்தனை பேரில் ஒருவருக்காவது வீடு வேண்டியிருக்காதா என்று தோன்றியது. தோன்றியதும் எழுந்துவிட்டேன்.

"அண்ணே, அக்கா, எல்லாரும் கொஞ்சம் கேளுங்க! ரெண்டு ரூம் வீடு ஒண்ணு விலைக்கு இருக்கு! இன்னைக்கே எழுதித் தரோம்!"

"ஐயோ அக்கா, என் வேலை போயிடும்!" என்று கத்தினாள் துல்மா.

"வேலை போனா அப்புறம் பாத்துக்கலாம், இப்ப வீடு போகுது!"

பஸ் முழுக்கச் சிரிப்பு. பிறகு கேள்விகள் கிளம்பின.

"எத்தனாவது மாடி?"

"மூணு!"

"லிஃப்ட் இருக்கா?"

"மூணாவது மாடிக்கு எதுக்கு லிஃப்ட்? கால் எதுக்கு இருக்கு?"

"வெந்நீர் ஒழுங்கா வருமா?"

இதற்குத் துல்மாவே கண்ணாடியில் பார்த்துப் பதில் சொன்னாள். "கோடையில ஊருக்கே நிறுத்தும்போதுதான் நிக்கும்! ஜன்னல் தெக்குப் பக்கம். இந்தக் குளிர்லயும் வீட்டுக்குள்ள பனியனோட உக்காரலாம்!"

நரித்தோல் தொப்பி போட்ட கம்பளி வியாபாரி ஒருவர், ஷாராவ் என்று பெயர், "பதினாலு" என்றார். பின்பக்கக் கதவருகே நின்ற குள்ளமான ஒரு பெண் கையைத் தூக்கினாள். "பதினாலரை. என் பேரு உரன்பிலெக். கொரியாவில ஏழு வருஷம் வேலை பாத்துச் சேத்த பணம். மொத்தமா பேங்க்ல கிடக்கு."

அந்த நேரம் பார்த்து வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, மேலே மின்கம்பியிலிருந்து பஸ் கூரையின் கொம்பு கழன்றது. விளக்கு அணைந்தது. துல்மா கையுறையை மாட்டிக்கொண்டு கீழே குதித்தாள். மைனஸ் இருபத்தைந்தில் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று கயிற்றை இழுத்துக் கொம்பைக் கம்பியில் மாட்டப் பார்த்தாள். உள்ளே விலை ஏறுவது நிற்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் கதவு வழியாகத் தலையை நீட்டி அவளுக்குச் செய்தி சொன்னார்கள்.

"அம்மா, பதினஞ்சு!"

"தொப்பிக்காரர் பதினஞ்சரை!"

"பதினாறுக்குக் கீழ இறங்க மாட்டேன்!" என்று கயிற்றில் தொங்கியபடியே கத்தினாள் துல்மா. கண்ணிமையில் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது. கொம்பு கம்பியில் உட்கார்ந்து விளக்கு எரிந்தபோது உரன்பிலெக் பதினாறு என்றாள். பஸ்ஸே கை தட்டியது. ஷாராவ் விடவில்லை. "வீட்டைப் பாத்துட்டு நான் மேல சொல்றேன்."

இரண்டு மணிக்குத் துல்மா வேலை முடித்து இறங்கினாள். அதுவரை பஸ்ஸிலேயே இருந்த அந்த இருவரையும் வீட்டுக்குக் கூட்டிப் போனோம். படியேறும்போது அவள் என் காதில் சொன்னாள்: "சீக்கு விஷயம் வாயில வரக்கூடாது அக்கா. ராசியில்லாத வீடும்பாங்க."

லுவ்சான் முகக்கவசத்தோடு பால் தேநீர் ஊற்றிக் கொடுத்தான். ஷாராவ் குழாயைத் திறந்து பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார். உரன்பிலெக் எதையும் தட்டவில்லை. என் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு நல்ல வீட்டை ஏன் விக்கிறீங்க?"

துல்மா என்னைப் பார்த்தாள். லுவ்சான் கோப்பையை வைத்துவிட்டுச் சட்டையைத் தூக்கினான். மார்புக்குக் கீழே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை தழும்பு.

"நான்தான் இந்த வீட்டைத் தின்னுட்டேன் தங்கச்சி. ரெண்டு ரூமு, பால்கனி, எல்லாம் இதுக்குள்ள போயிடுச்சு. ஏமாத்தி விக்க எனக்கு மனசு வரல."

ஷாராவ் தொப்பியை எடுத்துக்கொண்டார். "வீட்டுக்காரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்றார். அவர் படியிறங்கும் சத்தம் கீழ்வரை கேட்டது.

துல்மா சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். போட்டி போய்விட்டது. இனி இந்தப் பெண் பன்னிரண்டு என்றாலும் தலையாட்ட வேண்டியதுதான். எனக்குத் தம்பியை அறையலாம்போல இருந்தது.

உரன்பிலெக் எழுந்து வந்து குனிந்து தழும்பை உற்றுப் பார்த்தாள். "தையல் அழகா ஆறியிருக்கே. கொரியாவில ஆஸ்பத்திரியிலதான் எனக்கு வேலை, நோயாளிங்களைப் பாத்துக்கறது. இந்த ஆபரேஷன் ஆனவங்க எத்தனை பேரைக் குளிப்பாட்டியிருக்கேன் தெரியுமா? சில பேரு வீட்டுக்கே போகல. நீங்க எழுந்து நின்னு டீ ஊத்தறீங்க. இதுல ராசி இல்லாம என்ன?"

"அப்ப விலை?" என்றேன்.

"பஸ்ல அத்தனை பேர் முன்னாடி சொன்னேனே, பதினாறுன்னு. ஆனா ஒண்ணு. பால்கனில உறைய வச்சிருக்கிற கறிக் கொழுக்கட்டைல நூறு எனக்குத் தரணும். பண்டிகைக்கு வர்றவங்களுக்குப் போட என்கிட்ட ஒண்ணுமில்ல."

"இருநூறு எடுத்துக்கோடி!" என்று துல்மா துள்ளி எழுந்தாள்.

மணி நாலேகால். நோட்டரி ஐந்துக்கு மூடிவிடுவார். டாக்ஸி எதுவும் நகரவில்லை. லுவ்சானுக்கு இரண்டு கம்பளியைச் சுற்றி நடத்தியே கூட்டிப் போனோம். முன்னால் துல்மா பத்திரத்தோடு ஓடினாள், பின்னால் உரன்பிலெக் ஒரு கையில் கொழுக்கட்டைப் பையும் மறு கையில் என் தம்பியின் முழங்கையுமாக வந்தாள். மூச்சு வாங்கினாலும் அவன் சிரித்துக்கொண்டே நடந்தான். நோய் வந்த பிறகு அவன் தெருவில் இவ்வளவு தூரம் நடந்தது அன்றுதான்.

நோட்டரி அம்மாள் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "லீவு முடிஞ்சு வாங்க."

"லீவு முடிஞ்சா வீடே எங்களுது இல்லம்மா" என்றாள் துல்மா. அந்த அம்மாள் எங்கள் நாலு பேரையும் ஒருமுறை பார்த்தாள். கோட்டைக் கழற்றாமலே உள்ளே போய் கம்ப்யூட்டரைப் போட்டாள்.

ஐந்தரைக்குக் கையெழுத்து ஆயிற்று. பணம் ஏறிய அறிவிப்பு துல்மாவின் போனில் வந்ததும், அங்கிருந்தபடியே வங்கிக் கடனைக் கட்டினாள். அப்புறம் என்னைக் கட்டிக்கொண்டு குதித்த குதியில் நோட்டரியின் மேஜை ஆடியது.

விடுமுறை முழுக்க அங்கேயே இருங்கள் என்று உரன்பிலெக் சொல்லிவிட்டாள். புத்தாண்டன்று மரியாதைக்குக் கொடுக்கும் நீலப் பட்டுத்துணியோடு விருந்தாளியாக வந்தாள். தன் வீட்டுக்கே விருந்துக்கு வந்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

சாவியைக் கொடுத்த அன்று துல்மா வீட்டுக்குள் அழவில்லை. தெருவுக்கு வந்து மூன்றாம் மாடி ஜன்னலைப் பார்த்த பிறகு அழுதாள். பன்னிரண்டு வருஷம் வாழ்ந்த வீடு, அழாமல் எப்படி? மீந்த பணத்தில் ஊருக்கு வெளியே கச்சூர்ட்டில் வேலி போட்ட மனையும் சின்ன மரவீடும் வாங்கினார்கள். தண்ணீர் வெளியிலிருந்துதான் சுமக்க வேண்டும். துல்மா வேலைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப வேண்டும். ஆனால் ஊர்ப் புகை அங்கே வராது.

இலையுதிர் காலம் திரும்பி வந்தபோது டாக்டர் சரி என்றார். ரொட்டி வியாபாரி ஒருவரின் சின்ன வேனை ஓட்ட லுவ்சான் சேர்ந்தான். முதல் நாள் நானும் துல்மாவும் கூட ஏறிக்கொண்டோம்.

"மெதுவாடா!" என்றேன்.

"அக்கா, இவ டிராலி ஓட்டற வேகத்துலதான் போறேன்" என்று அவன் ஆற்றுப்பாலத்தில் வண்டியை விரட்டினான். துல்மா அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.