சின்னவள் போட்ட பூட்டு

"இது பாஸ்வேர்டு கேக்குதேம்மா" என்று கண் டாக்டர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டியதும் மூத்த மருமகளுக்குச் சுருக்கென்றது. மாமியாரின் ஸ்கேன் ரிப்போர்ட்டை, வெளியூரில் இருக்கும் சின்ன மருமகள்தான் ஆன்லைனில் வாங்கி வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தாள். சும்மா போட்டால் ஒன்றுவிட்ட சித்தப்பா முதல் சம்பந்தி வீட்டார் வரை ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்களாம், அதனால் பூட்டிப் போட்டாளாம். என்ன ஒரு மூளை! குரூப்பில் பாராட்டு மழை வேறு. அதைத்தான் இவள் அப்படியே டாக்டருக்கு அனுப்பியிருந்தாள்.

மாமியாரைக் குளிப்பாட்டுவது இவள். இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் கிழவி குளியலறைக்கு நடப்பாள். வெந்நீர் எந்தச் சூட்டில் இருக்க வேண்டும், எந்த மாத்திரையைப் பொடித்துத் தர வேண்டும், எல்லாம் அத்துப்படி. சின்னவள் சாயங்காலமானால் போனில் கொஞ்சுவாள், அவ்வளவுதான். அதற்குக் கிழவி குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பது சமையலறை வரை கேட்கும். இவளுக்கு வயிறு எரியும். என்னிடம் ஒரு நாளாவது இப்படிச் சிரித்ததுண்டா?

சொட்டு மருந்து விட்டதால் மாமியார் கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்திருந்தாள்.

"அத்தை, பாஸ்வேர்டு என்னன்னு தெரியுமா?"

கிழவிக்கு வெட்கம் வந்துவிட்டது. "அதை டாக்டர் முன்னாடி நான் எப்படிம்மா சொல்றது? சின்னவளுக்குப் போன் போடு."

வேண்டாவெறுப்பாகப் போட்டாள்.

"'தும்பி'ன்னு அடிங்கக்கா. சின்ன வயசுல அத்தை ஒரு இடத்துல நிக்க மாட்டாங்களாம், வீட்ல அப்படித்தான் கூப்பிடுவாங்களாம். இப்ப நான் மட்டும்தான் கூப்பிடுறேன். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரே கூரைக்குள் இருந்தும் தெரியாது. டாக்டரின் கீபோர்டை இழுத்து, ஆத்திரத்தோடு ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள். ரிப்போர்ட் திறந்தது. டாக்டர் படிக்க ஆரம்பித்தார்.

இவளுக்கு ஒரே ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது. மாமியாரின் காதருகே குனிந்து கிசுகிசுத்தாள்.

"தும்பி."

மூடிய கண்ணோடே கிழவியின் முகம் மலர்ந்தது. வாயெல்லாம் பல்.

"அடி சின்னவளே! எப்படி வந்தே? சொல்லவே இல்லையே!" என்று இரண்டு கையாலும் காற்றைத் துழாவினாள்.

"அக்கா, திறந்துச்சா? அக்கா?" என்றது போன். இவள் அதை மார்போடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். வாயைத் திறக்காமல் இன்னொரு கையை நீட்டினாள். கிழவி அதைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு அவள் விரல்கள் அந்தக் கையை மெல்லத் தடவிக்கொண்டே, தினமும் பிடித்து நடக்கும் மணிக்கட்டை நோக்கி நகர்ந்தன.