பெட்ஷீட் போர்த்திய வண்டிகள்

அக்கா வீட்டில் பெட்ஷீட் காணாமல் போவது நின்றபாடில்லை. அதே சமயம், பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் மாமா ஞாயிறுதோறும் ஒரு பையோடு வெளியே போய், சோப்பு வாசனையோடு திரும்பி வந்துகொண்டிருந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்த அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது.

"உங்க மாமா சின்ன வீடு வச்சிருக்கார்டா."

"அந்த மூஞ்சிக்கா?"

"உன் மூஞ்சிக்கே ஒருத்தி கிடைச்சாளே."

வாயை மூடிக்கொண்டு துப்பறியக் கிளம்பினேன். தெருமுனையிலேயே மாமாவைத் தவறவிட்டு, வேறொரு வழுக்கைத் தலையைச் சந்தைவரை பின்தொடர்ந்தேன். அடுத்த ஞாயிறு அக்காவே கூட வந்தாள், கையில் துணிமணி அடைத்த பெட்டியோடு.

"அங்க எவளாவது இருந்தா, நேரா உன் வீட்டுக்குதான் வருவேன். இனிமே அந்த ஆளோட வாழ முடியாது."

இதை நான் என் மனைவியிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. மாமா நல்லவராக இருக்க வேண்டும் என்று என்னைவிட உருகி வேண்டியவர் யாரும் இருக்க முடியாது.

மாமா நுழைந்தது, மூடிக் கிடந்த ஆலையின் கிடங்கு. அக்கா ஷட்டரைத் தூக்கினாள். உள்ளே வரிசையாக அக்கா வீட்டுப் பெட்ஷீட்டுகள். ரோஜா போட்டது, கோடு போட்டது, நான் பரிசளித்த மயில் போட்டது. அது இருந்த அழகுக்கு, அதைத் திருடியதற்கு மட்டும் மாமாவை மன்னிக்கலாம். நடுவே பனியனோடு, கையில் துணியோடு மாமா.

அக்கா ஒன்றை உருவினாள். உருண்டை விளக்குகளோடு, எங்கள் இருவரையும்விட மூத்த கார் ஒன்று பளபளத்தது. அடுத்ததிலும் கார். அதற்கடுத்ததிலும்.

"என்னங்க இது?"

"உடைக்க வந்த வண்டிங்க. சில பேர் சாவியைக் கொடுத்துட்டு, போகும்போது பானட்டைத் தட்டிட்டுப் போவாங்க. அந்த வண்டியை மட்டும் உடைக்கக் கை வரல."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"இரும்புக் கடைக்காரன் இரும்புக்குப் போர்த்தி விடறான்னா சிரிக்க மாட்டியா?"

"சிரிப்பேன். அதுக்காக இப்படியா அழ விடுவீங்க?"

மாமா தலை குனிந்தபடி எங்களை மூலைக்கு அழைத்துப் போனார். கிழிந்த பெட்ஷீட்டுக்கு அடியில் எங்கள் அப்பாவின் வெள்ளைக் கார். கண் மங்கியதும் அப்பா மாமாவிடம் ஒப்படைத்த வண்டி. எப்போதோ ஆணியாகியிருக்கும் என்று நினைத்திருந்தோம்.

"அப்பாவும் தட்டினாரா?" அக்காவின் குரல் இறங்கிவிட்டது.

"தட்டல. தோள் துண்டால முழுசாத் துடைச்சுட்டுப் போனார். இதுதான் முதல் வண்டி."

பின்கதவுக் கண்ணாடி இடுக்கில் நீல ரப்பர் துண்டு ஒன்று. கண்ணாடி இறங்காமலிருக்க அப்பா என் செருப்பை வெட்டிச் சொருகியது.

"எல்லாத்தையும் புதுசாக்கியிருக்கீங்க. இதை மாத்தலையா மாமா?"

"உங்கப்பா கையால வச்சதுடா. அதுல நான் எதுக்குக் கை வைக்கணும்?"

நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "மிச்சச் செருப்பு எங்க மாமா?" என்றுதான் வந்தது. அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். என் தோளைத் தட்டினார், பானட்டைத் தட்டுவதுபோல.

அக்கா பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்தாள். புடவைகளுக்கு அடியில், மாமா கைக்குச் சிக்காமல் காப்பாற்றி வைத்திருந்த புது பெட்ஷீட். அதை உதறி விரித்தாள்.

"அந்தப் பக்கம் பிடிங்க" என்றாள் மாமாவிடம்.