ஜேசுராஜ் சார் மறைத்த நாலு நிமிடம்

ஜேசுராஜ் சாரை எனக்கு ஆறு வருடமாகத் தெரியும். ஆறு வருடமாகவே பிடிக்காது. மாதத்தின் கடைசி ஞாயிறு சாயங்காலம், மிஷன் பள்ளிக்கூட ஹாலில் எங்கள் சங்கம் ஒரு வெளிநாட்டுப் படம் போடும். சார் அங்கே கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஹால் சாவி அவரிடம் இருப்பதால் சங்கமும் அவர் சொன்னபடிதான். ஒவ்வொரு படத்தையும் முதல் நாளே வீட்டில் சத்தத்தை அமுக்கிவிட்டு வேகமாக ஓட்டிப் பார்ப்பார். எங்கே முத்தம், எங்கே துணி விலகுகிறது என்று சீட்டில் நேரம் குறித்துக்கொள்வார். அந்த நேரம் வந்ததும் புரொஜெக்டருக்கு முன்னால் பழைய வருகைப் பதிவேட்டைப் பிடிப்பார். திரை இருண்டுவிடும், சத்தம் மட்டும் கேட்கும். இதற்குப் பெயர் உலக சினிமாவாம்.

இங்கிலீஷில் வரும் வசனங்களைத் தமிழாக்கி, படத்துக்கு அடியில் ஓடவிடுவது என் பொறுப்பு. இந்த மாதப் படம் நான் சண்டை போட்டு வாங்கியது. ஏதோ ஒரு பனிமலை நாடு. ஒரு தாய் செத்துப்போகிறாள். மகன் கூடவே இருக்கிறான். மகள் தூரத்து நகரத்தில் இருக்கிறாள். அவள் வந்து சேரும்வரை அந்த ஊர்ப் பெண்கள் உடம்பைத் தொடாமல், வெந்நீர் போட்டுக்கொண்டு காத்திருக்கிறார்கள். இரண்டு நாள் கழித்து மகள் வருகிறாள், குளிப்பாட்டுகிறாள். கதை அவ்வளவுதான்.

என் அம்மா அஜ்மல் பீவி போன வருடம் மழைக்காலத்தில் மௌத்தானார். எங்களில் செத்தது பெண் என்றால் மய்யித்தை, அந்த உடம்பை, பெண்கள்தான் குளிப்பாட்டுவார்கள். மகள் இருந்தால் அவளுக்குத்தான் முதல் உரிமை. நான் ஒரே மகள். வில்லாபுரத்தில் அண்ணன் முகமது ஆசிப் வீட்டில் அம்மா. நான் எழுமலையில், பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். வேற்று மதத்து நல்லகாமனைக் கட்டிக்கொண்ட குற்றத்துக்காக எட்டு வருடம் என்னிடம் பேசாத அண்ணன், அன்றைக்கும் எனக்கு ஒரு போன் போடவில்லை. அடக்கம் முடிந்த பிறகு அவன் பக்கத்து வீட்டுப் பாண்டிச்செல்வி அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

படத்தில் மகள் குளிப்பாட்டுகிற அந்த நாலு நிமிடக் காட்சியை அண்ணன் பார்க்க வேண்டும். மன்னிப்பெல்லாம் வேண்டாம். தான் என்ன செய்தான் என்று அவன் கண்ணால் பார்க்க வேண்டும், அது போதும். "அம்மாவைப் பத்தின படம். வந்து பாரு" என்று மெசேஜ் போட்டேன்.

வந்தான். சண்டைக்குத்தான் வந்தான்.

"குடும்ப மானத்தைப் படம் புடிச்சு வச்சிருக்கியாக்கும்?" என்றான் வாசலிலேயே.

"உக்காந்து பாரு, தெரியும்."

"எம்புட்டு நேரம்?"

"ஒரு போன் போட ஆகுற நேரத்தை விடக் கொஞ்சம் கூட."

முறைத்துக்கொண்டே கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான். சார் வழக்கம்போல முன்னுரையில் இறங்கினார். நகரத்து ஆடம்பரத்தில் தாயை மறந்த மகளைக் கண்டிக்கும் படம் என்றார். வாயசைப்பை வைத்து அவர் கண்டுபிடித்த கதை அது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

படம் ஓடியது. மகள் வந்து சேர்ந்தாள். பெண்கள் பானையை இறக்கினார்கள். போர்வை விலகி ஒரு தோள் தெரிந்ததுதான் தாமதம், பதிவேடு மேலே போனது. திரை கறுத்தது, என் எழுத்தும் சேர்ந்து போனது.

நான் ஓடினேன். "சார், எடுங்க!"

"குளிக்கிற சீன்மா. பொம்பளைப் புள்ளைகளும் உக்காந்திருக்காங்க."

"அது பொணம் சார்!"

"எதுவா இருந்தாலும் மேல துணியில்லை."

பதிவேட்டை இழுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எழுபது வயசு மனுஷன், இன்னும் இழுத்தால் விழுந்துவிடுவார். விழட்டும் என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அதற்குள் பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம். ஆசிப் எழுந்துவிட்டான். இருட்டில், புரியாத பாஷையில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் பார்க்க வேண்டியது அவன் பார்க்காமலே தீர்ந்துகொண்டிருந்தது.

திரைக்கு முதுகைக் காட்டி நின்றேன். இருபது தடவை அடித்து எழுதிய வசனம், எனக்கு மனப்பாடம். கடைசி வரிசையைப் பார்த்துக் கத்தினேன்.

"'மகள் வரட்டும் என்றுதான் தண்ணீர் ஊற்றாமல் இருந்தோம்.' ஊர்க்காரி சொல்றா! 'இரண்டு நாள் ஆகிவிட்டதே.' மகன் வாசல்ல நின்னு கேக்குறான்! 'அவசரம் உனக்குத்தான். செத்தவளுக்கு அவசரமில்லை.'"

"சபிஹா, உக்காரும்மா!" என்றார் சார்.

அதற்கு மேல் படத்தில் பேச்சே கிடையாது. தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். நானும் எதுவும் எழுதியிருக்கவில்லை. ஆனால் வாய் நிற்கவில்லை.

"வலது பக்கம் மொதல்ல ஊத்துறேன்மா. சூடு போதுமா? இடது கையை மெதுவாத்தான் தூக்குறேன். மாடிப்படியில விழுந்து ஒடைச்சுக்கிட்ட கையி. நீட்டுனா வலிக்கும்ல, நீட்ட மாட்டேன்."

சார் எப்போது பதிவேட்டை இறக்கினார் என்று தெரியாது. திரும்பிப் பார்த்தபோது திரையில் அந்தப் பெண்கள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஹாலில் ஒருத்தரும் அவர்களைப் பார்க்கவில்லை. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

ஆசிப் நடுவழியில் நடந்து வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். வந்தால் திருப்பி அடிப்பது என்று நானும் தயாராகத்தான் நின்றேன்.

"குளிப்பாட்ட வந்த பொம்பளைக கேட்டாங்க," என்றான். "மக இருந்தா வரச்சொல்லுங்க, காத்திருக்கோம்னாங்க."

"நீ என்ன சொன்னே?"

அவன் தரையைப் பார்த்தான். "மகளே கெடையாதுன்னு சொன்னேன்."

நிமிராமலே மேலும் சொன்னான்.

"கையி விஷயத்தைச் சொல்ல மறந்துட்டேன், சபிஹா. கையை நீட்டித்தான் கபன் துணியில சுத்திக் கட்டியிருந்தாங்க."

சொல்லிவிட்டு அத்தனை பேர் முன்னாலும் நின்று அழுதான். ஜேசுராஜ் சார் என் தோளைத் தொட்டு, "அண்ணனுக்கு ஆறுதல் சொல்லும்மா" என்றார். அவர் கையைத் தட்டிவிட்டேன். அழட்டும்.